அடுப்புக்கு எடுத்த ஆறு கற்கள்: சென்னையில் கூடாரம் அடிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை இரவு பெருங்களத்தூரில் முதுகுப்பையோடு காத்து நின்று, ஞாயிறு மாலை உடம்பெல்லாம் புழுதியும் மனமெல்லாம் தெம்புமாகத் திரும்பி வருகிறவர்கள் நீங்கள். நானும் உங்களில் ஒருவன்தான். ஒன்பது ஆண்டுகளாகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் கூடாரம் அடித்துத் தூங்கியிருக்கிறேன். குழுக்களை ஒருங்கிணைப்பவர்களுக்கும், இந்த மாதம்தான் முதல் கூடாரம் வாங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நாங்கள் செய்த தவற்றை நீங்கள் செய்துவிடக் கூடாது.

சென்ற ஆவணியில் நடந்தது. நாங்கள் ஆறு பேர். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிக்கு மேற்கே, பாறைக் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் சரளை மேடு. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பிறகு சொல்கிறேன். பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மழை வரும் போல இருந்ததால் அவசரம். சமைக்க அடுப்பு வேண்டும். பக்கத்திலேயே கற்கள் கிடந்தன. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பாறைகள் பாதி புதைந்திருக்க, அவற்றின் இடுக்குகளில் தேங்காய் அளவில் சிறிய கற்கள். ஆறு கற்களைப் பெயர்த்து எடுத்து வட்டமாக வைத்துத் தீ மூட்டினோம். கூடாரத்துக்கு முளை அடித்தபோது ஒரு முளை மட்டும் முதலில் இறங்க மறுத்தது. ஓங்கி அடித்ததும் மெல்லிய ஓர் உடைசலோடு உள்ளே போய்விட்டது. ஏதோ ஓட்டாஞ்சில்லு என்று நினைத்தேன். அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

இரவு முழுவதும் மழை. காலையில் கூடாரத்தைப் பிரித்தபோது முளை இருந்த இடத்தில் மேல்மண் அரித்துப் போயிருந்தது. சிவப்பாக, விரல் கனத்தில், மண்ணுக்குள் வளைந்து போகும் ஒரு பானையின் வாய் விளிம்பு தெரிந்தது. விட்டத்தைப் பார்த்தால் அது தண்ணீர்ப் பானை இல்லை. ஒரு குழந்தை உள்ளே இறங்கி உட்காரலாம். விளிம்பின் ஒரு பக்கம் எங்கள் முளையால் நொறுங்கியிருந்தது. சுற்றிலும் சிறு ஓடுகள், உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக, மழையில் கழுவப்பட்டு மின்னிக்கொண்டிருந்தன. நான் பாறை மேல் ஏறி நின்று பார்த்தேன். முந்தைய நாள் மாலை கண்டபடி கிடந்த கற்கள், மேலிருந்து பார்க்கும்போது வட்டமாக இருந்தன. ஒரு வட்டம், அதை ஒட்டி இன்னொன்று, புதருக்குள் மேலும் சில. பதினொன்று வரை எண்ணினேன். எங்கள் அடுப்பு அவற்றில் ஒன்றின் நடுவே இருந்தது.

ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். இவை பாண்டவர் குழிகள் என்றார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்த மேட்டில் யாரும் படுப்பதில்லை. வேலி கட்டக்கூட அங்கிருந்து ஊரார் கல் எடுப்பதில்லை. எங்கள் அடுப்பைப் பார்த்தார். திட்டவில்லை. "எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், தம்பி" என்று மட்டும் சொன்னார். வைக்க முயன்றோம். மூன்று கற்களுக்கு அவை இருந்த பள்ளம் அடையாளம் தெரிந்தது. மற்ற மூன்று எங்கிருந்து வந்தன என்று ஆறு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை. ஊகத்தில் எங்காவது வைப்பதும் பிழை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்; நல்ல வேளையாக அந்த மூன்றையும் ஓரமாக விட்டுவைத்திருந்தோம்.

நான் பல்லாவரத்துக்காரன். இதைச் சொல்லும்போது வெட்கம் கூடுகிறது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்ற ஆய்வே அந்தக் கல்லிலிருந்து தொடங்கியது. அதே பல்லாவரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொட்டி போன்ற உடலும் அடியில் வரிசையாகக் குட்டைக் கால்களுமாக இருக்கும் அந்தப் பேழையின் முன் பள்ளி நாளில் வாய் பிளந்து நின்றிருக்கிறேன். செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் சானூர், குன்னத்தூர் என்று எத்தனை ஊர்களில் இத்தகைய ஈமக்காடுகள் அகழப்பட்டிருக்கின்றன! பெரிய கற்களால் வட்டம் அமைத்து, நடுவே தாழியிலோ பேழையிலோ கற்பலகை அறையிலோ இறந்தவரின் எலும்புகளை வைத்து, கூடவே அவர் புழங்கிய கலங்களையும் இரும்புக் கருவிகளையும் மணிகளையும் வைத்து மூடிய இரும்புக்கால மக்களின் ஊர் இது. கண்ணாடிக்குள் வைத்துக் காட்டியபோது வியந்த எனக்கு, காலடியில் கிடந்தபோது அடையாளம் தெரியவில்லை.

தெரியாமல் செய்தது ஒரு பக்கம். தெரிந்த பிறகு செய்தது இன்னொரு பக்கம். அதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் எங்கள் குழுவில் ஒருவர் என்னை அழைத்தார். நல்ல மனிதர், வேளச்சேரியில் இருக்கிறார். அன்று காலை ஓடுகளுக்கு இடையில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த ஒரு மணியைப் பார்த்து எடுத்து வந்துவிட்டதாகச் சொன்னார். நெல்லிக்கொட்டை அளவுதான்; நடுவே நூல் கோக்கும் துளை. மகளுக்குக் காட்டலாம் என்று எடுத்தாராம். காட்டினார். மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இது யாருடையது?" அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மணியைத் திருப்பிக் கொடுக்க அவர் தயார். ஆனால் பதினொரு வட்டங்களில் எந்த வட்டத்தின் அருகே எடுத்தார் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "மூன்றாவதோ நான்காவதோ" என்றார்.

மணி திரும்பி வந்துவிட்டது. மணியின் இடம் திரும்பி வரவில்லை. ஒரு மணி எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்தக் கலத்தின் பக்கத்தில் இருந்தது என்று தெரிந்தால், அங்கே புதைக்கப்பட்டவர் யார், வயது என்ன, அந்தக் கல் எவ்வளவு தொலைவிலிருந்து அவர் கைக்கு வந்தது என்றெல்லாம் கேட்க முடியும். அது தெரியாவிட்டால், அழகான ஒரு சிவப்புக் கல் மட்டும் மிஞ்சும். மண்ணோடு இருக்கும் பொருள் பேசும். மண்ணைவிட்டுப் பிரித்துவிட்டால் நாம் எவ்வளவு கெஞ்சினாலும் பேசாது.

எங்கள் அடுப்புத் தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்மில் பெரும்பாலோர் யோசித்திருக்க மாட்டோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு தமிழகத்தில் இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை பின்னுக்குக் கொண்டுசென்றது. அந்தக் கணக்குக்கு அடிப்படையாக இருந்தவை கரித்துண்டுகளும் பானையோடுகளும். கரியின் வயதை அதிலுள்ள கரிமத்தைக் கொண்டு அளக்கிறார்கள். பானையோட்டின் வயதை, அது சூளையில் கடைசியாகச் சூடேறிய நாளிலிருந்து அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கொண்டு அளக்கிறார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். ஈமக்காட்டின் நடுவே நாம் தீ மூட்டினால், மழை நம் விறகுக் கரியை மண்ணுக்குள் இறக்கி, பழைய கரியோடு கலந்துவிடும். தீக்கு நேர் கீழே இருக்கும் ஓடு மறுபடியும் கடுமையாகச் சூடேறினால், அது சேர்த்து வைத்திருந்த கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்கும். மண்ணுக்கும் இதே கதைதான்: சில மணல் துகள்கள் கடைசியாக வெயில் பட்ட நேரத்தை நினைவில் வைத்திருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் இடைப் பழைய கற்காலம் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் அறிவித்தார்களே, அது இப்படிப்பட்ட மண்ணைக் கேட்டு அறிந்ததுதான். ஆர்வத்தில் நாம் ஒரு குச்சியால் கிளறினால், அந்த இடத்து மண் அதைச் சொல்லும் திறனை இழந்துவிடும். ஒரு வேளை உணவுக்காக நாங்கள் எதையெல்லாம் அழித்தோம் என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிறகு புகார் எழுதினோம். புகார் என்பது சரியான சொல் இல்லை, தகவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கடிதம்: எந்த நாள், எந்தச் சர்வே எண் இருக்கக்கூடும், ஜி.பி.எஸ். அளவு, பேனாவைப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள், நாங்கள் எதையெல்லாம் நகர்த்தினோம் என்ற முழு ஒப்புதல், திருப்பித் தரவேண்டிய மணி. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி, வட்டாட்சியருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கும் எழும்பூரில் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் பதிவுத் தபாலில். ஓர் அலுவலகத்தில், "புதையல் ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டார்கள். வேறு ஓரிடத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்க இரண்டு முறை போக வேண்டியிருந்தது. சில வாரங்கள் கழித்துத் தொல்லியல் அறிந்த இருவர் வந்து மேட்டைச் சுற்றிப் பார்த்து, அளந்து, குறித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஓர் அம்மையார் எங்கள் அடுப்பின் கரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் இதை மறைக்காமல் எழுதியது எங்களுக்குப் பெரிய உதவி, இல்லாவிட்டால் இதையும் பழையது என்று நினைக்க இடமுண்டு" என்றார். அந்தச் சொல் என்னைக் கொஞ்சம் தேற்றியது.

நண்பர்களே, தகவல் சொல்வது நம் விருப்பத்துக்கு விடப்பட்டது இல்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையது என்றால், கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாம் ஏன் சொல்வதில்லை என்பதை வெளிப்படையாகப் பேசிவிடலாம் என்கிறேன்.

முதல் காரணம், நாம் அங்கே இருந்ததே அனுமதி இல்லாமல். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறியவர்கள் பலர் இறந்த கொடுமைக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஆனாலும் காப்புக் காட்டின் ஓரத்திலும் புறம்போக்கிலும் யாரையும் கேட்காமல் தங்குகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கண்டதைச் சொன்னால் நாம் நின்ற இடத்தையும் சொல்ல வேண்டும். அதனால் வாயை மூடிக்கொள்கிறோம். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, அனுமதி வாங்கிப் போவது. ஊரில் ஒருவரிடமாவது கேட்டுவிட்டுப் போயிருந்தால், அந்த மேட்டில் படுக்காதீர்கள் என்று அன்று மாலையே எங்களிடம் சொல்லியிருப்பார்கள். பாண்டவர் குழி என்ற பெயரில் அந்த ஊர் பல தலைமுறைகளாகக் காத்து வந்ததை நாங்கள் ஒரே இரவில் உடைத்தோம்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. சொன்னால் பாவம், அந்த விவசாயியின் நிலம் போய்விடுமே என்று தயங்குகிறோம். இந்த அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பல்லாவரத்தில் வீடு கட்ட நினைத்து இந்த விதியால் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நாம் எழுதும் ஒரு கடிதம் எந்த நிலத்தையும் பாதுகாக்கப்பட்ட இடமாக மாற்றிவிடாது. அதற்கு அரசின் முறையான அறிவிப்பு வேண்டும். கடிதம் செய்வது, இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று ஒரு கோப்பில் பதிவதுதான். அந்தப் பதிவுகூட இல்லாத மேட்டில் கிராவல் மண் அள்ளும் லாரி வந்து நின்றால் தடுத்துக் கேட்க எவரிடமும் ஒரு காகிதம் இருக்காது. லாரி லாரியாகப் போகும்போது நான் எடுத்த ஒரு கல்லா பெரிது என்று ஒரு நண்பர் கேட்டார். லாரி போகிறது என்பதால்தான் எழுத வேண்டும் என்றேன். நிலத்துக்காரர் யாரென்று தெரிந்தால் முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் அவர் நிலத்தைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

மூன்றாவது, சொல்வதற்குப் பதிலாகக் காட்டிவிடுகிறோம். படம் எடுத்து, இடக்குறியோடு, நூறு பேருக்கு ஒரே நொடியில். ஊர்ப் பெயரை நான் எழுதாததற்கு இதுதான் காரணம். பாண்டவர் குழிக்குள் தங்கம் இருக்கிறது என்று நம்பி இரவில் மண்வெட்டியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் வேலையை நாம் செய்துவிடக் கூடாது. தொல்லியல் துறைக்கு அனுப்பும் படத்தில் இடம் இருக்கட்டும். நண்பர்களுக்கு அனுப்பும் படத்தில் வேண்டாம். கைப்பேசியில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டுப் படம் எடுத்தால் போதும்.

கண்டவர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில், வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டிய ஒரு பள்ளி ஆசிரியருக்கு வழவழப்பான ஒரு கற்கோடரி கிடைத்தது. அவர் அதை அலமாரியில் வைக்கவில்லை. தொல்லியல் துறையில் இருந்த நண்பரிடம் கொடுத்தார். அதில் சிந்துவெளிக் குறியீடுகளை ஒத்த கீறல்கள் இருப்பது தெரியவந்தது. கீழடியில் கிணறு வெட்டிய இடத்தில் வந்த பொருள்களைப் பற்றி ஒரு பள்ளி ஆசிரியர் 1970களிலேயே தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். அங்கே அகழாய்வு தொடங்கியது 2015இல். நாற்பது ஆண்டுகள்! நாம் எழுதும் கடிதத்துக்கு நாளையே பதில் வராமல் போகலாம். அதற்காக எழுதாமல் இருந்துவிடக் கூடாது.

ஒருங்கிணைப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். புறப்படும் முன், தண்ணீர், பாம்பு, குப்பை பற்றிப் பேசும் அந்தப் பத்து நிமிடத்தில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். புதைந்த பாறைகள் வளைவாகக் கிடந்தால் அங்கே கூடாரம் வேண்டாம். கறுப்பும் சிவப்புமாக ஓடு தெரிந்தால் குனிந்து பாருங்கள், கை வைக்காதீர்கள். அடுப்புக்கு வேண்டிய கல்லை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். அதைவிட நல்லது, சிறு எரிவாயு அடுப்பு. நகர்த்திவிட்டீர்கள் என்று தெரிந்தால் திருத்தப் போகாமல் அப்படியே விட்டு, நகர்த்தியதை எழுதுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே எடுத்து வந்தவர்களிடம். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஓர் ஓடு இருக்கலாம், மேசையில் காகிதத்தின் மேல் வைக்கும் அழகான ஒரு கல் இருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கோ எடுத்ததாக இருக்கலாம். இன்றே உட்கார்ந்து, நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஊர்ப் பக்கம், எந்தக் குன்று, ஏரிக்கு எந்தத் திசை, மழைக்காலமா வெயில் காலமா, உடன் வந்தவர்கள் யார். அவர்களையும் கேளுங்கள், உங்களுக்கு மறந்தது அவர்களுக்கு நினைவிருக்கலாம். பிறகு பொருளையும் தாளையும் எடுத்துக்கொண்டு எழும்பூரில் உள்ள தொல்லியல் துறை அலுவலகத்துக்கு வாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், உங்கள் குழுவில் என்னைத் தெரிந்த எவரிடமாவது சொல்லியனுப்புங்கள். வேலை நாள் என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு உங்களோடு நானும் வருகிறேன். வேளச்சேரி நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மகளையும் அழைத்து வருவாராம்.

அன்புடன்,
பல்லாவரத்திலிருந்து உங்களில் ஒருவன்